திரும்பி வரும் வலு எங்கே போகிறது? அன்டெனா ட்யூனருக்கு மலையகத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

டிக்கோயாவில் ஜூலை என்றால் காலையும் மாலையும் ஒரே நிறம்தான். மலையை மூடுபனி மறைத்திருக்கும், தகரக் கூரையில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். அப்படியொரு ஜூலையில் என் அமெச்சூர் வானொலி நிலையத்தின் 40 மீட்டர் பட்டை டைபோலின் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி அன்டெனா) எஸ்டபிள்யூஆர் நான் கண்டதிலேயே அழகாக இருந்தது. எஸ்டபிள்யூஆர் என்பது அன்டெனாவிலிருந்து எவ்வளவு வலு தெறித்துத் திரும்புகிறது என்று காட்டும் எண், 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வைத்தாலும் மானியின் முள் 1.3ஐத் தாண்டவில்லை. யாழ்ப்பாணத்திலும் திருச்சிப் பக்கத்திலும் பேசுகிறவர்கள் எனக்குத் தெளிவாகக் கேட்டார்கள். நான் கூப்பிட்டால் மட்டும் பதில் வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் அன்று வந்திருந்தார். புதிதாக 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அமெச்சூர் அழைப்புக்குறி பெற்றவர். “அண்ணே, முள் இவ்வளவு கீழே இருக்கே, பிறகு என்ன பிரச்சினை?” என்று கேட்டார். அப்போது எனக்கும் பதில் தெரியவில்லை. மழை விட்டதும் மரத்தில் ஏறி, கேபிளை அன்டெனாவிலிருந்து கழற்றித் தொங்கவிட்டேன். கீழே வந்து மானியைப் பார்த்தேன். கேபிளின் மறுமுனையில் ஒன்றுமே இல்லை. அப்படியும் எஸ்டபிள்யூஆர் 2 காட்டியது.

ஒன்றுமே இல்லாத கேபிள் வானத்தளவு எஸ்டபிள்யூஆர் காட்ட வேண்டும். 30 மீட்டர் நீளமுள்ள நல்ல ஆர்ஜி-58 (மெல்லிய கோ-ஆக்ஸ்) கேபிள் என்றால் அதன் இயல்பான இழப்பைக் கழித்தும் 7 மெகாஹெர்ட்ஸில் 8க்கு அருகில் காட்டும். 2 காட்டுகிறது என்றால், போகும் அலையும் திரும்பும் அலையும் வழியிலேயே கரைந்துவிட்டன என்று அர்த்தம். கனெக்டரை அறுத்துப் பார்த்தபோது உள்ளே பின்னல் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. மழைத் தண்ணீர் பின்னல் வழியாகப் பல மீட்டர் தூரம் இறங்கியிருந்தது. கணக்குப் போட்டால் ஒரு வழி இழப்பு மட்டும் 4.8 டெசிபெல். 100 வாட் அனுப்பினால் ஏறத்தாழ 33 வாட்தான் மரத்து உச்சிக்குப் போயிருக்கிறது. மீதி கேபிளைச் சூடாக்கியிருக்கிறது.

எனக்கு மற்றவர்கள் நன்றாகக் கேட்டதற்கும் காரணம் இதுவே. 7 மெகாஹெர்ட்ஸில் வானத்து இரைச்சல் அதிகம். கேபிள் 5 டெசிபெல் தின்றால் குரலும் இரைச்சலும் சேர்ந்தே குறையும். காதுக்கு வித்தியாசம் தெரியாது. அனுப்பும்போதுதான் நட்டம் முழுவதும் நம் தலையில் விழும்.

அன்று தொடங்கி நான் முள்ளை நம்புவதை விட்டுவிட்டு, “வெப்பம் எங்கே போகிறது?” என்று கேட்கப் பழகினேன். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போகிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம்

எஸ்டபிள்யூஆர் 3 என்றால் 25 சதவீத வலு அன்டெனாவில் தெறித்துத் திரும்புகிறது. 1.5 என்றால் 4 சதவீதம், 2 என்றால் 11, 5 என்றால் 44, 10 என்றால் 67. இந்த எண்கள் சரியானவை. ஆனால் “25 சதவீதம் திரும்புகிறது, ஆகவே 25 சதவீதம் வீண்” என்று பலர் சொல்வது சரியல்ல.

நம் ஊர்க் காட்சியிலேயே சொல்கிறேன். கொழுந்து மடுவத்திலிருந்து நான்கு மூட்டை தொழிற்சாலைக்குப் போகிறது. தொழிற்சாலை மூன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. மடுவத்தில் இருப்பவர் அந்த மூட்டையைக் குப்பையில் கொட்டுவதில்லை. அடுத்த லொறியில் புது மூட்டைகளோடு சேர்த்து மறுபடியும் அனுப்புகிறார். மறுபடி கொஞ்சம் திரும்பும், மறுபடி போகும். கடைசியில் எல்லாக் கொழுந்தும் தொழிற்சாலைக்குள் போய்விடும். பாதையில் சிந்தியது மட்டும்தான் நட்டம். பாதை நல்ல தார் ரோடு என்றால் பத்துத் தடவை போய் வந்தாலும் சிந்துவது சொற்பம். குண்டும் குழியுமான நீளப் பாதை என்றால் ஒவ்வொரு நடைக்கும் சிந்தும்.

அந்தப் பாதை கேபிள். மடுவத்தில் இருப்பவர் ட்யூனர், அதாவது செட்டுக்கும் (அனுப்பவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவி) கேபிளுக்கும் நடுவில் வைக்கும் பொருத்தும் பெட்டி. அன்டெனாவிலிருந்து தெறித்து வரும் அலையை ட்யூனர் மறுபடியும் அன்டெனாப் பக்கமே திருப்பிவிடுகிறது. செட்டின் பக்கம் ஒன்றும் கசியாதபடி பார்த்துக்கொள்கிறது. செட்டுக்கு முன்னால் அது எதிர்பார்க்கும் 50 ஓம் இருப்பதுபோலத் தெரியும், அதுவும் நிம்மதியாக முழு வலுவைக் கொடுக்கும்.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ட்யூனருக்கும் அன்டெனாவுக்கும் இடையில் ஒரு மானியை வையுங்கள். அன்டெனாவின் எஸ்டபிள்யூஆர் 3, கேபிள் மிகக் குட்டை, செட் 100 வாட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மானி முன்னோக்கிய வலு 133 வாட் என்றும் திரும்பும் வலு 33 வாட் என்றும் காட்டும். 100 வாட் செட்டிலிருந்து 133 வாட் எப்படி வந்தது என்று முதல் தடவை பார்க்கிறவர்கள் மானியைச் சந்தேகிப்பார்கள். திரும்பிய 33 வாட்டும் புதிய 100 வாட்டும் சேர்ந்து மறுபடி போகின்றன, அவ்வளவுதான். அன்டெனாவுக்குள் நிகரமாகப் போவது 100 வாட்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியும். ட்யூனர் அன்டெனாவை மாற்றுவதில்லை. ட்யூனருக்கு அப்பால் கேபிளில் எஸ்டபிள்யூஆர் 3 என்றால், செட்டின் மானி 1.0 காட்டிய பிறகும் அது 3தான்.

அப்படியானால் எஸ்டபிள்யூஆர் ஏறும்போது செட் ஏன் வலுவைத் தானே குறைத்துக்கொள்கிறது? திரும்பிய வலு உள்ளே புகுந்து ட்ரான்சிஸ்டரைச் சுடுவதால் அல்ல. 50 ஓம் அல்லாத ஒரு சுமையை அது இழுக்க வேண்டியிருப்பதால் மின்னழுத்தமோ மின்னோட்டமோ அளவை மீறும். அதற்குப் பயந்துதான் காப்புச் சுற்று இடையில் வருகிறது.

படி 1: உங்கள் கேபிளின் உண்மையான இழப்பை அளவிடுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. என் மதிப்பில் முக்கியமான படி இதுதான்.

நானோவிஎன்ஏ என்ற கையடக்கக் கருவி இருந்தால் நல்லது. அதில்லாவிட்டால் சாதாரண அன்டெனா அனலைசர் போதும். கேபிளின் மறுமுனையை அன்டெனாவிலிருந்து கழற்றித் திறந்தே விடுங்கள், அல்லது குறுக்கிணைப்புச் செய்யுங்கள். இந்தப் பக்கம் கருவியில் ‘ரிட்டர்ன் லாஸ்’ பாருங்கள். அலை போய் முழுதாகத் தெறித்துத் திரும்பி வருவதால் அந்த எண் இரு வழி இழப்பு. அதில் பாதி உங்கள் கேபிளின் ஒரு வழி இழப்பு. 2.2 காட்டினால் 1.1 டெசிபெல். எஸ்டபிள்யூஆர் மட்டும் காட்டும் கருவி என்றால், திறந்த கேபிளில் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

ஒப்பிட்டுப் பார்க்க ஏறத்தாழ எண்கள் தருகிறேன். நல்ல ஆர்ஜி-58, 30 மீட்டர்: 7 மெகாஹெர்ட்ஸில் 1.1 டெசிபெல், 14இல் 1.6, 28இல் 2 முதல் 2.5 வரை. அதே நீளம் ஆர்ஜி-213 (தடித்த கோ-ஆக்ஸ்) என்றால் 7 மெகாஹெர்ட்ஸில் அரை டெசிபெல் அளவு. உங்கள் எண் இவற்றைவிட ஒரு டெசிபெல்லுக்கு மேல் கூடியிருந்தால் கேபிளில் தண்ணீர் இருக்கிறது, அல்லது கனெக்டர் கெட்டிருக்கிறது.

மலையகத்தில் இந்த அளவீட்டை வருடத்தில் இரண்டு தடவை செய்யுங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி நனைக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் வருடக் கடைசியில் தொடங்கும் வடகிழக்கு மழைதான் அதிகம். உங்கள் பக்கத்துப் பெருமழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை.

அப்புறம் கனெக்டர். வெளியில் இருக்கும் பிஎல்-259 தண்ணீருக்கு எதிரானது அல்ல. சுய ஒட்டு ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண மின்சார டேப். சுற்றும்போது கீழிருந்து மேலாகச் சுற்றினால் அடுக்குகள் கூரை ஓடு போல அமைந்து தண்ணீர் வழிந்துவிடும். கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள், நீர் அதன் அடியில் சொட்டிப்போகும்.

படி 2: அன்டெனாப் பக்கத்து எஸ்டபிள்யூஆரைக் கண்டுபிடியுங்கள்

வீட்டுக்குள் மானி காட்டுவது கேபிள் இழப்பால் மெருகேறிய எண். உண்மையான எண் அன்டெனாவின் காலடியில் இருக்கிறது. மரத்தில் ஏறி அளவிட முடிந்தால் அளவிடுங்கள். முடியாதென்றால் கணக்குப் போடலாம்.

கேபிளின் ஒரு வழி இழப்பை 10ஆல் வகுத்து, 10ஐ அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். வரும் எண்ணை ‘அ’ என்போம். 1.1 டெசிபெல் என்றால் அ = 1.288. வீட்டில் காட்டும் எஸ்டபிள்யூஆரிலிருந்து ஒன்றைக் கழித்து, அதே எஸ்டபிள்யூஆரோடு ஒன்றைக் கூட்டியதால் வகுங்கள். அதுவே தெறிப்புக் குணகம். அதை ‘அ’வால் பெருக்கினால் அன்டெனாப் பக்கத்துத் தெறிப்புக் குணகம் வரும். அதன் வர்க்கம், அங்கே தெறிக்கும் வலுவின் பின்னம். இதைத் ‘தெ’ என்போம். மொத்த இழப்பு டெசிபெல்லில்:

10 × மடக்கை [ (அ × அ − தெ) ÷ (அ × (1 − தெ)) ]

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் ஆர்ஜி-58, 7 மெகாஹெர்ட்ஸ், அன்டெனாவில் எஸ்டபிள்யூஆர் 3. தெ = 0.25. மொத்த இழப்பு 1.64 டெசிபெல். எஸ்டபிள்யூஆர் 1 ஆக இருந்திருந்தால் 1.1. ஆக, எல்லோரும் பயப்படும் அந்த 3:1 உண்மையில் தின்றது அரை டெசிபெல்லுக்குச் சற்று மேல். 100 வாட்டில் 78 வாட் போக வேண்டிய இடத்தில் 69 வாட் போகிறது. எதிர்முனையில் இருப்பவர் இதை உணரவே முடியாது. கேட்கும் பலத்தைச் சொல்லும் எஸ்-யூனிட் ஒன்று என்பது 6 டெசிபெல்.

இனி, அதே கேபிளில் நம்மில் பலர் செய்யும் வேலை. 40 மீட்டருக்கு வெட்டிய டைபோலை, “ட்யூனர் இருக்கிறதே” என்று 14 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுவது. அங்கே அந்தக் கம்பி முழு அலை நீளம். நடுவில் அதன் இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) சில ஆயிரம் ஓம். 4000 என்று வைத்தால் 50 ஓம் கேபிளில் எஸ்டபிள்யூஆர் 80. ஆனால் வீட்டில் மானி காட்டுவது ஏறத்தாழ 5தான், ஏனென்றால் திரும்பும் அலை வழியிலேயே செத்துவிடுகிறது. ட்யூனர் அந்த 5ஐ இலகுவாகப் பொருத்திவிடும். முள் கீழே விழும், மனம் குளிரும். மொத்த இழப்பு 12 டெசிபெல். 100 வாட்டில் 6 வாட் மட்டும் அன்டெனாவுக்குப் போகிறது. மீதி 94 வாட் கேபிளைச் சூடாக்குகிறது.

ஆகவே எஸ்டபிள்யூஆர் எண்ணைத் தனியே வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த அலை எப்படிப்பட்ட பாதையில் போய் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 3: ட்யூனரை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள்

அன்டெனாவில் எஸ்டபிள்யூஆர் 3க்குள், கேபிள் 30 மீட்டருக்குள், மீடிறன் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் வீட்டு மேசையில் ட்யூனர் வைத்துக் கோ-ஆக்ஸ் கேபிளில் ஓட்டலாம். கவலை வேண்டாம். பல செட்டுகளின் உள்ளேயே இருக்கும் தானியங்கி ட்யூனரும் இதற்குத்தான். பொதுவாக அவை 3:1 வரை, அதாவது 17 ஓம் முதல் 150 ஓம் வரை மட்டும் சமாளிக்கும்.

ஒரே பட்டையில் மட்டும் பேசுகிறவர் கம்பியின் நீளத்தைச் சரிசெய்துவிடுவதே மேல். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். ட்யூனரே தேவையில்லை.

பல பட்டைகளில் பேச வேண்டுமா? அப்போது பாதையை மாற்றுங்கள். இரண்டு கம்பிகள் ஏணிபோல இணையாக ஓடும், லேடர் லைன் என்று கடையில் சொல்லும் ஏணிக் கம்பியில் இழப்பு அத்தனை குறைவு. மேலே சொன்ன அதே 4000 ஓம் உதாரணத்தில், 30 மீட்டர் 450 ஓம் ஏணிக் கம்பியில் மொத்த இழப்பு அரை டெசிபெல் அளவுதான். 6 வாட்டுக்குப் பதில் 90 வாட்டுக்கு அருகில். செலவு குறைந்த ஒரு மாற்றத்தில் இவ்வளவு பெரிய இலாபம் அமெச்சூர் வானொலியில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் நம் மலைக்கு ஒரு எச்சரிக்கை. ஜன்னல் ஜன்னலாகப் பிளாஸ்டிக் வைத்து வரும் கடை ஏணிக் கம்பி மழையில் நனைந்தால் அதன் இழப்பும் இம்பீடன்ஸும் மாறும். பனிமூட்டத்தில்கூடக் காலையில் பொருத்தியது மாலையில் நழுவும். நான் கையாலேயே செய்துகொண்டேன். 1.6 மில்லிமீட்டர் செப்புக் கம்பி இரண்டு, இடைவெளி 5 சென்டிமீட்டர், அரை மீட்டருக்கு ஒரு பிவிசி துண்டு. வயரிங் குழாயை நீளவாக்கில் பிளந்தால் துண்டுகள் தாராளமாகக் கிடைக்கும். இந்த அளவில் இம்பீடன்ஸ் ஏறத்தாழ 495 ஓம் வரும். இடையில் பெரும்பாலும் காற்று மட்டுமே இருப்பதால் மழை அதை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. கிரவில்லியா மரக் கிளைகள் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தகரக் கூரையிலிருந்தும் சுவர்க் கம்பிகளிலிருந்தும் குறைந்தது கால் மீட்டர் விலக்கி இறக்குங்கள்.

லயத்துப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் அது போக வேண்டும். 4000 ஓம் இருக்கும் இடத்தில் 100 வாட் என்றால் 630 வோல்ட், உச்சத்தில் 900 வோல்ட்டுக்கு அருகில். தொட்டால் தோல் பொசுங்கும்.

மூன்றாவது வழி, தானியங்கி ட்யூனரை அன்டெனாவின் காலடியிலேயே வைப்பது. கேபிள் முழுவதும் 1:1இல் இயங்கும். அருமையான ஏற்பாடு, செலவும் நீர் புகாத பெட்டியும் மட்டும்தான் தடை.

படி 4: ட்யூனரின் உள்ளே நடக்கும் இழப்பு

கேபிளை நல்லதாக்கிய பிறகு அடுத்த சந்தேகம் ட்யூனர் மீதே வர வேண்டும். அதற்குள் இருப்பவை கெப்பாசிட்டர்களும் ஒரு சுருளும். நல்ல காற்றுக் கெப்பாசிட்டரில் இழப்பு மிகச் சொற்பம். வெப்பம் முழுக்கச் சுருளில்தான்.

சுருளுக்கு ஒரு தர எண் உண்டு, கியூ என்பார்கள். சாதாரண ட்யூனர்ச் சுருளுக்கு 150 என்று வைத்துக்கொள்ளலாம். பொருத்தும் சுற்று எந்தக் கியூவில் இயங்குகிறதோ அதை 150ஆல் வகுத்தால், வெப்பமாகும் பங்கு ஏறத்தாழ வந்துவிடும். ஒரு சுருள், ஒரு கெப்பாசிட்டர் மட்டும் உள்ள எல் வகைச் சுற்று 500 ஓம் சுமையை 50 ஓமாக மாற்ற கியூ 3 போதும். 3ஐ 150ஆல் வகுத்தால் 2 சதவீதம். 100 வாட்டில் 2 வாட். மிகச் சிறந்த ட்யூனர்.

மேசையில் வைக்கும் ட்யூனர்களில் பல டீ வகை. இரண்டு கெப்பாசிட்டர் வரிசையில், நடுவில் தரைக்கு ஒரு சுருள். இதன் சௌகரியம், எதையும் பொருத்திவிடும். இதன் ஆபத்தும் அதுவே. ஒரே அன்டெனாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்பில் முள் பூச்சியத்துக்கு இறங்கும். ஒரு அமைப்பில் சுற்றின் கியூ 3 ஆக இருக்கலாம், இன்னொன்றில் 20 ஆக இருக்கலாம். 20 என்றால் 13 வாட் சுருளில் எரிகிறது. மானி இரண்டையும் ஒரே 1.0 என்றுதான் சொல்லும்.

மோசமான நிலை எப்போது வரும்? சுமையின் இம்பீடன்ஸ் மிகக் குறைவாகவும் மீடிறன் தாழ்வாகவும் இருக்கும்போது. 20 மீட்டர் நீளமுள்ள டைபோலை 3.6 மெகாஹெர்ட்ஸில் இழுத்துப் பார்த்தால் அதன் கதிர்வீச்சுத் தடை பத்துப் பன்னிரண்டு ஓம்தான். அதோடு பெரிய கெப்பாசிட்டர்த் தன்மையும் இருக்கும். அங்கே ட்யூனரில் மட்டுமல்ல, ஏணிக் கம்பியிலும் கணிசமான வலு போகும். 80 மீட்டர் பட்டை வேண்டுமென்றால் கம்பியை நீட்டுங்கள். தேயிலைச் சரிவில் இடத்துக்குக் குறைவில்லை. இரு மரங்களுக்கு இடையே 31 மீட்டர், முடிந்தால் 40 மீட்டர்.

படி 5: டீ வகை ட்யூனரைச் சரியாகத் திருப்புவது

முதலில் உங்கள் டயலில் எந்தப் பக்கம் கெப்பாசிட்டர் அதிகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சில ட்யூனரில் 0 என்றால் தகடுகள் முழுதும் உள்ளே, அதாவது அதிகபட்சம். சிலதில் நேர்மாறு. மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதே நிச்சயம்.

பிறகு அனுப்பாமல் கேளுங்கள். இரண்டு கெப்பாசிட்டரையும் அதிகபட்சத்துக்கு அருகில் வைத்து, சுருளை ஒவ்வொரு புள்ளியாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். இரைச்சல் திடீரென்று உயரும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஒரு பழக்கம் மற்றவர்கள் காதில் உங்கள் விசில் விழுவதைப் பாதியாகக் குறைக்கும்.

இப்போது மீடிறன் காலியா என்று கேட்டு, அழைப்புக்குறியைச் சொல்லி, 5 முதல் 10 வாட்டில் ஒரு குறுகிய சைகை. கெப்பாசிட்டர்களை மெல்ல அசைத்துத் திரும்பும் வலுவைக் குறையுங்கள். முள் கீழே வந்துவிட்டதா? இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். சுருளை ஒரு புள்ளி குறைத்து, கெப்பாசிட்டர்களைக் கூட்டி, மறுபடி பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால் இன்னும் ஒரு புள்ளி. பொருந்தாத இடம் வரும்வரை போய், அதற்கு முந்திய அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டர் முடிந்தவரை அதிகம், சுருள் முடிந்தவரை குறைவு. அதுவே வெப்பம் குறைந்த அமைப்பு. அதில் கெப்பாசிட்டர்த் தகடுகளுக்கு இடையே தீப்பொறி பறப்பதும் குறையும்.

சந்தேகம் இருந்தால் கை சொல்லும். 50 வாட் சைகையை அரை நிமிடம் அனுப்புங்கள். செட்டை அணைத்து, அன்டெனாவைக் கழற்றி, மூடியைத் திறந்து சுருளைத் தொடுங்கள். வெதுவெதுப்பு இருந்தால் வேறு அமைப்பு தேடுங்கள். சுட்டால், அந்த அன்டெனாவை அந்தப் பட்டையில் ஓட்டுவது சரியல்ல.

இதைப் பழகிப்பார்க்க அன்டெனா தேவையில்லை. 1 கிலோ ஓம், 2 வாட் தடைகள் இருபதை இணையாக இணைத்தால் 50 ஓம், 40 வாட் தாங்கும் போலிச் சுமை. ஐந்தை மட்டும் இணைத்தால் 200 ஓம். ட்யூனருக்குப் பயிற்சி கொடுக்க அது அருமையான சுமை, 10 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். சுருள் சுற்றிய கம்பித் தடைகள் வேண்டாம், அவை தாமே தூண்டற்சுருளாக நடந்துகொள்ளும்.

படி 6: பலுன், மறைவான மூன்றாவது அடுப்பு

ட்யூனரின் வெளியீடு ஒரு பக்கம் தரையானது. ஏணிக் கம்பி இரண்டு பக்கமும் சமமானது. இரண்டையும் நேரே இணைத்தால் கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடி, மைக்கைத் தொட்டால் உதடு சுடும், அடுத்த அறையில் தொலைக்காட்சி கத்தும். இடையில் பலுன் வேண்டும்.

கடையில் 4:1 பலுன் தருவார்கள், ஏணிக் கம்பிக்கு இதுதான் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல பட்டை அன்டெனாவில் இம்பீடன்ஸ் சில பட்டைகளில் ஏற்கெனவே 50 ஓமுக்குக் கீழே இருக்கும். அதை இன்னும் நான்கால் வகுத்தால் ட்யூனர் தடுமாறும், சுருள் சுடும். 1:1 மின்னோட்ட பலுன்தான் என் தேர்வு. 1944இல் குவானெல்லா என்ற சுவிஸ் பொறியியலாளர் விளக்கிய அதே தத்துவம்தான் இதன் அடிப்படை. 240 அளவு, 43 வகை ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கோ-ஆக்ஸ் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் போதும். அரை நிமிட சைகைக்குப் பிறகு இந்த வளையத்தையும் தொட்டுப் பாருங்கள். சுருள் குளிர்ந்து வளையம் சுட்டால், ஏணிக் கம்பியின் நீளத்தை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். வீட்டுப் பக்கம் வந்து சேரும் இம்பீடன்ஸ் மாறி, வளையம் ஆறிவிடும்.

படி 7: குறிப்புப் புத்தகம்

ஒரு சாதாரண கொப்பி எடுங்கள். பட்டை, மீடிறன், சுருளின் புள்ளி, இரு கெப்பாசிட்டர்களின் எண், வானிலை. வெயிலில் ஒரு வரி, கொட்டும் மழையில் ஒரு வரி. என் கொப்பியில் பழைய கடை ஏணிக் கம்பிக்கு 14 மெகாஹெர்ட்ஸில் இரண்டு தனித்தனி வரிகள் இருந்தன. கையால் செய்த கம்பிக்கு மாறிய பிறகு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன.

இடி பற்றியும் அதே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மார்ச், ஏப்ரல் பின்னேரங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையில் இடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேசி முடித்ததும் ஏணிக் கம்பியைக் கழற்றி வீட்டுக்கு வெளியே தரையிணைப்பில் மாட்டிவிட வேண்டும். ட்யூனர் இருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்.

அந்த ஜூலைக்குப் பிறகு நனைந்த கேபிளை முழுதாக அகற்றினேன். தம்பியும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிவிசி துண்டுகளில் துளையிட்டு 25 மீட்டர் ஏணிக் கம்பி செய்தோம். மாட்டிய அன்று 40 மீட்டரில் ட்யூனருக்கு அப்பால் எஸ்டபிள்யூஆர் 6ஐத் தாண்டியிருந்தது, பழைய 1.3 எங்கே, இது எங்கே என்று அவர் முகம் வாடிவிட்டது. “கூப்பிட்டுப் பாருங்க தம்பி” என்று மைக்கை அவர் கையில் கொடுத்தேன். முதல் அழைப்புக்கே யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வந்தது, எஸ் 9 என்று.

அடுத்த பெருமழை பெய்த மறுநாள் காலை, கொப்பியில் இருக்கும் அதே புள்ளிகளில் ட்யூனரை வைத்து, 7.1இல் 5 வாட்டில் ஒரு தடவை பாருங்கள். முள் பழைய இடத்தில் நின்றால் சரி. முன்பைவிட அழகாக, பட்டை முழுவதும் தட்டையாக நின்றால் முதலில் மரத்தில் ஏறிக் கனெக்டரைக் கழற்றுங்கள்.